பல்கலைக்கழக அறிவியல் ஆசிரியர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனைவர் பட்டமும் அதற்குப் பிந்தைய ஆய்வுப் பயிற்சியும் முடித்துப் பல்கலைக்கழக அறிவியல் துறைகளில் புதிதாகப் பணியேற்பவர்கள், தொடக்க ஆண்டுகளில் மூத்த ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விதிகளும் பதவிப் பெயர்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நேரத்தையும் கவனத்தையும் எப்படிப் பங்கிடுவது என்ற சிக்கல் எல்லா இடங்களிலும் ஒன்றுதான்.

நல்ல ஆய்வாளர் இயல்பாகவே நல்ல ஆசிரியராகவும் அமைவார் என்பது உண்மையா?

கற்பித்தலும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆசிரியரிடம் இணைந்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கு, வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் முயற்சியால் 1810-இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். கருத்து உயர்ந்ததுதான். ஆனால் ஒன்று சிறந்தால் மற்றது தானாகச் சிறக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 1996-இல் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியர்களின் ஆய்வுப் பணிக்கும் கற்பித்தல் தரத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.06 என்றே வந்தது. அதாவது, கட்டுரைகள் நிறைய எழுதுபவர் நன்றாகக் கற்பிப்பார் என்றும் சொல்ல முடியாது, மோசமாகக் கற்பிப்பார் என்றும் சொல்ல முடியாது.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. இரண்டும் தாமாக இணையாவிட்டாலும், ஆசிரியர் திட்டமிட்டு இணைக்க முடியும். ஒரு முடிவைச் சொல்வதோடு நில்லாமல், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், எந்த அளவீடு அதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது, இன்னும் எது விடுபட்டிருக்கிறது என்று வகுப்பில் எடுத்துச் சொல்வது ஆய்வு செய்பவருக்கே எளிதில் கைவரும். அதை அவர் வேண்டுமென்றே செய்தாக வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

முதல் ஆண்டில் தயாரிப்பே முழு நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. என்ன செய்வது?

வகுப்புக்கு நாளும் மணியும் குறித்தாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரைக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. கெடு உள்ள வேலை, கெடு இல்லாத வேலையை ஒவ்வொரு நாளும் மறுநாளுக்குத் தள்ளிக்கொண்டே போகும். ஆண்டு முடிவில் பாடக்குறிப்புகள் மட்டும் குவிந்திருக்கும். புதிய ஆசிரியர்களை நீண்ட காலம் கவனித்து எழுதிய உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், விரைவில் காலூன்றியவர்களிடம் இரண்டு பழக்கங்களைக் கண்டார். அவர்கள் வகுப்புத் தயாரிப்பை ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். நாள்தோறும் சிறிது நேரமாவது எழுதினார்கள். விடுமுறை வரட்டும், ஒரே மூச்சில் எழுதிவிடலாம் என்று காத்திருந்தவர்களுக்குப் பெரும்பாலும் அந்த விடுமுறை வாய்க்கவே இல்லை.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில. காலையில் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென்று ஒதுக்கி, அதை வகுப்பு நேரத்தைப் போலவே மாற்றக் கூடாததாகக் கருதலாம். பணியில் சேரும்போதே துறைத் தலைவரிடம் பேசி, ஒரே பாடத்தை மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து நடத்த வாய்ப்புக் கேட்கலாம். ஆண்டுதோறும் புதுப் பாடம் என்பது இளம் ஆசிரியருக்குத் துறை செய்யக்கூடிய பெரிய தீங்கு. வகுப்பு முடிந்த உடனே, மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்த ஆண்டுத் தயாரிப்பில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

விரிவுரை முறையைக் கைவிட வேண்டுமா?

முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஐம்பது நிமிடமும் ஆசிரியர் மட்டுமே பேசும் முறையை இனி நியாயப்படுத்த முடியாது. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், பல்கலைக்கழகக் கற்பித்தலில் இந்த ஒரு கேள்விக்குத்தான் மிக விரிவான சான்றுகள் இருக்கின்றன.

1992-இல் டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் பணியாற்றியவர்களும் விசை பற்றிய கருத்துத் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கணக்கீடு எதுவும் கிடையாது. பெரிய லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதும்போது எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகளே இருக்கும். இரு விசைகளும் சமம் என்று காட்டும் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவரும், கடினமான கணக்குகளைச் சமன்பாடு கொண்டு தீர்த்த மாணவரும் லாரியே அதிக விசை செலுத்துகிறது என்று விடையளித்தார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் அதற்கு முன்பே இத்தகைய தேர்வு ஒன்றைத் தம் வகுப்பில் வைத்தபோது, ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா என்று கேட்டதை அவரே பதிவுசெய்திருக்கிறார். 1991 முதல் அவர் வகுப்பை மாற்றி அமைத்தார். சில நிமிட விளக்கம், பிறகு ஒரு கருத்துக் கேள்வி, ஒவ்வொருவரும் தனியே விடை தேர்தல், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுதல், மீண்டும் விடை தேர்தல் என்பது அந்த முறை.

ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 இயற்பியல் பாடங்களில் படித்த 6,542 மாணவர்களின் முடிவுகளை ஒப்பிட்டார். பாடத்துக்கு முன் தெரியாதிருந்ததில் எவ்வளவைக் கற்றுக்கொண்டார்கள் என்ற விகிதம், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 0.23, மாணவர்கள் பங்கேற்ற வகுப்புகளில் 0.48. ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தோல்வி விகிதம் விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடாகவும் பங்கேற்பு வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. அந்த இடைவெளியில் நிற்பவர்கள், அறிவியல் தமக்கு வராது என்று முடிவுகட்டி வேறு பக்கம் போய்விடும் மாணவர்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 2019-இல் லூயி டெலோரியேவும் குழுவினரும் வெளியிட்ட ஹார்வர்டு ஆய்வில், பங்கேற்பு வகுப்பில் இருந்தவர்கள் உண்மையில் அதிகம் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். தானே முயன்று திணறும்போது அப்படித் தோன்றாது. ஆகவே முறையை மாற்றும் ஆசிரியர், ஏன் மாற்றுகிறார் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் விளக்கிவிட வேண்டும்.

கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லையே?

காத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். மேரி பட் ரோ 1970-களில் பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்தது தெரியவந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். பல்கலைக்கழக வகுப்பில் கேள்வி இன்னும் கடினம் என்பதால் இன்னும் அதிகம் காத்திருக்க வேண்டும். அதோடு, தனியே எழுந்து விடை சொல்லச் சொல்வதைவிட, முதலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்வது தயக்கத்தை வெகுவாகக் குறைக்கும்.

செய்முறை வகுப்புகள் சடங்காகிவிட்டன. மாற்ற முடியுமா?

முடியும். ஆய்வையும் கற்பித்தலையும் இணைக்க இதைவிட ஏற்ற இடம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. நடாஷா ஹோம்ஸும் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமனும் பல நிறுவனங்களின் செய்முறைப் பாடங்களை ஆராய்ந்து, விரிவுரைக் கருத்துகளுக்கு வலுச்சேர்க்கும் நோக்கில் அமைந்த பாடங்கள் மாணவர்களின் தேர்வு விடைகளை மேம்படுத்தியதாகத் தெரியவில்லை என்று காட்டினார்கள். எல்லாப் படிகளும் எழுதித் தரப்பட்டு, இறுதி விடையும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, மாணவர் முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வகுப்பில் மாணவர் நீளத்தை மாற்றி, அலைவு நேரத்தை அளந்து, ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, எல்லாருக்கும் தெரிந்த எண்ணுக்கு அருகே வந்துவிட்டால் நிம்மதி அடைகிறார். வராவிட்டால் அளவீட்டைத் திருத்துகிறார். அதே கருவியைக் கொடுத்து, அலைவு நேரம் 10 டிகிரி வீச்சிலும் 20 டிகிரி வீச்சிலும் ஒன்றுதானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாடநூலில் படித்த தோராயத்தின்படி ஒன்றுதான். உண்மையில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு வேறுபாடு உண்டு. இரண்டு நொடி ஊசலில் அது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நிறுத்து கடிகாரத்தை அழுத்தும் விரலின் தடுமாற்றமே அதைப் போலப் பத்து மடங்கு இருக்கும். ஒற்றை அலைவை அளப்பவருக்கு வேறுபாடு தென்படாது. இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தால் வேறுபாடு 0.2 நொடியைத் தாண்டும். அதைப் பலமுறை அளந்து சராசரி கண்டால் ஐயம் தீரும். பாடநூல் சொன்னதைத் தம் அளவீடு மறுக்கிறது என்று தெரியும்போது, பிழை தம்முடையதா, தோராயத்துடையதா என்று மாணவர்கள் வாதிடத் தொடங்குகிறார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொரு நாளும் நடப்பது இதே வாதம்தான். இதற்குப் புதிய கருவியும் வேண்டாம், கூடுதல் நிதியும் வேண்டாம்.

மாணவர் கருத்துப் படிவங்களில் மதிப்பெண் குறைந்தால் கவலைப்பட வேண்டுமா?

எழுத்தில் வரும் கருத்துகளைக் கவனமாகப் படியுங்கள். சராசரி எண்ணுக்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தராதீர்கள். 2015-இல் லிலியன் மெக்னெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இணையவழிப் பாடம் ஒன்றின் பயிற்றுநர்கள் ஒரு பிரிவுக்கு ஆண் பெயரிலும் மற்றொரு பிரிவுக்குப் பெண் பெயரிலும் கற்பித்தார்கள். மாணவர்கள் ஆண் என்று நம்பியவருக்கே கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட சாய்வு கலந்த எண்ணை மட்டும் வைத்துப் பணி நிரந்தரம் பற்றி முடிவெடுப்பது அநீதி. பருவத்தின் நடுவில் நீங்களே ஒரு தாளைக் கொடுத்து, எது உதவுகிறது, எது உதவவில்லை என்று பெயர் இல்லாமல் எழுதித் தரச் சொன்னால், திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்போதே உண்மை தெரிந்துவிடும்.

முனைவர் பட்டத் தலைப்பிலேயே ஆய்வைத் தொடரலாமா?

தொடக்கத்தில் தொடரலாம், கைவசம் இருக்கும் திறன் அதுதான். ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள், முன்னாள் நெறியாளரின் பெயர் இல்லாமலும் அடையாளம் காணத்தக்க ஒரு கேள்வி உங்களுக்கென்று உருவாகியிருக்க வேண்டும். பெரிய குழுவில் பழகியவர்கள், சிறிய ஆய்வகத்தில் அதே வகைப் போட்டியில் இறங்கினால் களைத்துப்போவார்கள். உங்களிடம் உள்ள கருவிகளாலும் இளநிலை மாணவர்களின் உழைப்பாலும் விடை காணக்கூடிய, பெரிய குழுக்கள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்காத கேள்விகள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. முதுநிலைப் பாடம் நடத்தும்போது உங்களாலேயே தெளிவாக விளக்க முடியாமல் போகும் இடங்களைக் குறித்துவையுங்கள்; நல்ல ஆய்வுக் கேள்விகள் சில அங்கிருந்தே கிடைக்கும்.

முதல் ஆய்வு மாணவரை எப்போது சேர்த்துக்கொள்வது?

அவரோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்போது. ஆய்வகத்துக்கு ஆள் வேண்டும் என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. அவருடைய வாழ்வின் நான்கைந்து ஆண்டுகள் உங்கள் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. வேலை நேரம், விடுப்பு, குறிப்பேடு எழுதும் முறை, தரவு யாருடையது, கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும், கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போகலாம் என்பவற்றை இரண்டு பக்கத்தில் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாக விடப்படும் விதிகள், அதிகாரம் உள்ளவருக்குச் சாதகமாகவே நினைவில் நிற்கும்.

மாணவர் கொண்டுவரும் எதிர்பாராத முடிவை நீங்கள் எப்படி வரவேற்கிறீர்கள் என்பதையும் ஆய்வகம் முழுதும் கவனிக்கும். முதல் சொல்லே கண்டிப்பாக இருந்தால், அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த முடிவுகள் மட்டுமே உங்கள் மேசைக்கு வரும். அறிவியல் நேர்மை கெடத் தொடங்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

கட்டுரையில் யாருடைய பெயர் இடம்பெற வேண்டும்?

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் பிற துறைகளுக்கும் பெரிதும் பொருந்தும். திட்டமிடலிலோ, தரவு திரட்டலிலோ, ஆராய்வதிலோ கணிசமான பங்கு வேண்டும்; எழுதுவதிலோ செம்மையாக்குவதிலோ பங்கு வேண்டும்; இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்திருக்க வேண்டும்; கட்டுரைக்குப் பொறுப்பேற்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகவும், கருவி கொடுத்தார் என்பதற்காகவும் பெயர் சேர்ப்பது முறையன்று, நன்றியுரையில் குறிப்பிடலாம். இப்போது பல இதழ்கள் 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட பட்டியலின்படி யார் எதைச் செய்தார் என்று வெளிப்படையாகக் கேட்கின்றன. இந்தப் பேச்சை வேலை தொடங்கும்போதே பேசிவிடுவது நல்லது. முடிவு வந்தபின் பேசினால் மனக்கசப்பு தவிர்க்க முடியாததாகிவிடும்.

எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது? போலி இதழ்களை எப்படி அறிவது?

நீங்கள் நம்பிப் படிக்கும் இதழ்களுக்கு அனுப்புங்கள். இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஜான் போஹனன் 2013-இல் வேண்டுமென்றே பிழைகள் புகுத்திய போலிக் கட்டுரை ஒன்றின் வடிவங்களை, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. புகழ்ந்து எழுதிய மின்னஞ்சல், சில நாளில் ஏற்பு என்ற வாக்குறுதி, மறைத்துவைத்த கட்டணம் ஆகியவை தெரிந்தால் விலகிவிடுங்கள். முதலில் கண்டது யார் என்ற முன்னுரிமையைப் பற்றிக் கவலை இருந்தால், 1991-இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் போன்ற, இதழில் வருமுன்பே கட்டுரையை இணையத்தில் வெளியிடும் முன்பதிப்புக் களஞ்சியத்தில் பதிந்துவிட்டு, பொறுமையாக நல்ல இதழுக்கு முயலலாம்.

மேற்கோள் எண்ணிக்கையும் தாக்கக் குறியீடும் எவ்வளவு முக்கியம்?

மதிப்பீட்டுக் குழுக்கள் அவற்றைப் பார்க்கின்றன என்பதால் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவற்றுக்காக ஆய்வை வளைக்கக் கூடாது. இதழின் தாக்கக் குறியீடு, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கை, எந்த இதழ்களை வாங்கலாம் என்று நூலகங்கள் முடிவுசெய்ய உதவிய கருவி. தனி ஒரு கட்டுரையின் தரத்தை அது சொல்லாது. ஓர் ஆய்வாளரின் கட்டுரை எண்ணிக்கையையும் அவற்றின் மேற்கோள்களையும் ஒரே எண்ணாகச் சுருக்கும், ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த எச்-குறியீடு, வயதையும் துறையின் பழக்கத்தையும் சார்ந்தது. கணிதவியலாளரையும் உயிரியலாளரையும் அதை வைத்து ஒப்பிடுவது பொருளற்றது. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம், ஆய்வாளரை மதிப்பிட இதழ் சார்ந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. தேர்வுக் குழுவில் அமரும் வாய்ப்பு வரும்போது, விண்ணப்பதாரரின் இரண்டு கட்டுரைகளையாவது முழுமையாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

நிதி விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகின்றன. தகுதி இல்லை என்று பொருளா?

அவசியம் அப்படி அன்று. ஆஸ்திரேலியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு நிதிச் சுற்றை ஆராய்ந்தவர்கள், விண்ணப்பம் எழுதுவதற்கே மொத்தம் ஏறத்தாழ 550 பணியாண்டுகள் செலவானதாகக் கணக்கிட்டார்கள். ஐந்தில் ஒரு விண்ணப்பத்துக்கே நிதி கிடைத்தது. இப்படிப்பட்ட போட்டியில் நல்ல திட்டங்கள் பலவும் விடுபடவே செய்யும். உயிர்வேதியியலாளர் கட்டலின் கரிக்கோ 1995-இல் நிதி கிடைக்காத நிலையில் பணிநிலை இறக்கப்பட்டார். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரை பின்னாளில் ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளுக்கு வழிவகுத்தது, 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நிராகரிக்கப்பட்ட எல்லாத் திட்டங்களும் அப்படி ஆகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. மதிப்பீட்டாளர் குறிப்புகளை ஒரு வாரம் கழித்து மறுபடி படியுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்ட இடங்கள், பெரும்பாலும் தெளிவாக எழுதப்படாத இடங்களாக இருக்கும்.

குழுப் பணிகளை மறுக்கலாமா?

மறுக்கலாம். ஆண்டுக்கு ஒரு பெரிய பொறுப்பை ஏற்று ஒழுங்காகச் செய்பவருக்கு, மற்றவற்றை மறுக்கும் உரிமை உண்டு. பாடத்திட்டக் குழுவும் மாணவர் சேர்க்கைக் குழுவும் உழைப்புக்குத் தகுந்த பயன் தருபவை. துறையில் பெண் ஆசிரியர்கள் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு குழுவிலும் அவர்களையே அமர்த்தும் வழக்கம் நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும், அவர்களுடைய ஆய்வு நேரத்தையே பறிக்கிறது. அதைத் தடுக்க வேண்டியது துறைத் தலைவரின் கடமை.

பதவி உயர்வுக்கான கோப்பை எப்போது தொடங்குவது?

பணியில் சேர்ந்த மாதத்திலேயே. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பாடத்திட்டம், ஒரு வினாத்தாள், மாணவர் பணியின் மாதிரி ஒன்று, நீங்கள் செய்த மாற்றமும் அதன் விளைவும் பற்றிய அரைப் பக்கக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். ஆய்வுக்குக் கட்டுரைகள் சாட்சி சொல்லும். கற்பித்தலுக்கு நீங்கள் சேர்த்துவைக்காவிட்டால் சாட்சியே இருக்காது. தகுதி வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். 2018-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோது டோனா ஸ்ட்ரிக்லண்ட் இணைப் பேராசிரியராகவே இருந்தார். முழுப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்று அவரே சொன்னார். மற்றவர்களுக்கு அந்தப் பதவி ஊதியத்தையும், குழுக்களில் வாக்கையும், இளையவர்களுக்காகப் பேசும் உரிமையையும் தருகிறது. தயாரானதும் மூத்த ஆசிரியர் ஒருவரிடமும் வேறு துறை நண்பர் ஒருவரிடமும் கோப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குழுவில் பாதிப் பேர் உங்கள் துறை சாராதவர்களாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டாமவர் புரியவில்லை என்று சொல்லும் பத்திகளை முதலில் திருத்துங்கள்.